மீள்நிரப்பிய ரவையை அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியில் சுடுவதற்கு முன்னும் சுடும்போதும்: முழுமையான வழிகாட்டி

கொழும்பில் விளையாட்டுத் துப்பாக்கிச் சூட்டுக்கு வரும் புதியவர்களின் கையில் முதலில் ஊறுகிற பழக்கம் ஒன்று உண்டு. விசையை இழுத்தும் ரவை வெடிக்கவில்லையா? ரவைக்கூட்டின் (மகசினின்) அடியில் தட்டு, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பாகத்தை) இழுத்து விடு, மீண்டும் சுடு. ஆலையில் செய்த ரவையோடு பழகியவர்களுக்கு இது யோசிக்காமலே வரும். மீள்நிரப்பிய ரவையை, அதாவது சுட்டு முடிந்த பித்தளைக் கோதில் (ரவையின் உறையில்) மீண்டும் மருந்தும் சன்னமும் இட்ட ரவையை, சுடும்போது அதே பழக்கம் குழலை வீங்க வைக்கும், சில வேளை பிளக்கவும் வைக்கும்.

அரைத்தானியங்கித் துப்பாக்கி அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்கிறது. முந்தைய சன்னம் (ரவையிலிருந்து பறக்கும் குண்டு) குழலை விட்டு வெளியேறியதா என்று அது பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர் சுடுபவர். கீழுள்ள படிகளின் வரிசை அதை வைத்தே அமைந்தது: பிழையான ரவை துப்பாக்கிக்குள் போகாமல் தடுப்பது முதலில், போய்விட்டால் அடுத்த ரவை வெடிக்காமல் தடுப்பது பிறகு.

ரவையை நிரப்பும் முறையோ வெடிமருந்தின் அளவோ இங்கே இல்லை. நிரப்பி முடிந்த ரவை உங்கள் கைக்கு வந்த பின் என்ன செய்வது என்பது மட்டுமே பேச்சு.

1. தொடங்குமுன் இருக்க வேண்டியவை

முதலில் சட்டம். இலங்கையில் துப்பாக்கிகள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழும், வெடிமருந்து 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின் கீழும் வருகின்றன. துப்பாக்கி அனுமதிப்பத்திரம் கையில் இருப்பதாலேயே வீட்டு மேசையில் ரவை நிரப்பலாம் என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் கழகம் எந்த அனுமதியின் கீழ் ரவையைப் பெறுகிறது, உங்கள் பத்திரம் எதை வைத்திருக்க இடம் தருகிறது என்பதை எழுத்தில் உறுதி செய்த பிறகே அடுத்த படி.

இரண்டாவது, துப்பாக்கியின் கையேடு. குளொக் உட்படப் பல தயாரிப்பாளர்கள் மீள்நிரப்பிய ரவையைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பழுதான பின் தெரிந்துகொள்ளாதீர்கள்.

பொருட்கள் அதிகம் வேண்டாம். ஒரு வேணியர் இடுக்கிமானி, ஒரு சிறிய டோர்ச் லைட், ஒரு மார்க்கர் பேனை, குழலின் உள்விட்டத்துக்கு ஏற்ற பித்தளைக் கம்பி ஒன்று, பக்கவாட்டிலும் மூடிய பொலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி, காது மூடி. கோது பிளந்தால் சூடான வாயுவும் பித்தளைத் துணுக்குகளும் பின்னோக்கி, சுடுபவரின் முகத்துக்கே வரும். சாதாரண மூக்குக் கண்ணாடி அதற்குப் போதாது.

2. ரவையின் பிறப்பைக் கேளுங்கள்

பெட்டியில் சீட்டு இல்லாத மீள்நிரப்பிய ரவையைச் சுடாதீர்கள். நண்பர் தந்தார், கழகத்து மூத்தவர் தந்தார் என்பதெல்லாம் சீட்டுக்கு ஈடாகாது.

சீட்டில் இருக்க வேண்டியவை: ரவையின் வகை, சன்னத்தின் எடையும் இனமும், மருந்தின் பெயரும் அளவும், பிரைமரின் (கோதின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பாகத்தின்) வகை, ரவையின் மொத்த நீளம், நிரப்பிய திகதி, நிரப்பியவர், தொகுதி எண். இவற்றில் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது தொகுதி எண்ணைத்தான். ஒரு ரவையில் பிழை தெரிந்தால் எந்த ரவைகளை ஒதுக்குவது என்று சொல்வது அந்த எண் ஒன்றே. இரண்டு தொகுதிகளை ஒரே பெட்டியில் கொட்டிவிட்டால் ஒரு பிழைக்காக இரண்டையும் இழக்க நேரும்.

யாருடைய துப்பாக்கிக்காக நிரப்பினார்கள் என்றும் கேளுங்கள். ஒரு குழலில் சுகமாக ஓடும் ரவை இன்னொன்றில் சிக்கலாம். சன்னம் வெறும் ஈயமா, செப்பு உறை போட்டதா என்பதும் முக்கியம். குளொக்கின் பழைய தலைமுறைகளில் குழலின் உட்புறம் பல்கோண வடிவில் இருக்கும். உறையில்லாத ஈயச் சன்னங்களைத் தொடர்ந்து சுட்டால் அங்கே ஈயம் படியும். படிந்த ஈயம் வழியைக் குறுக்கி அமுக்கத்தை ஏற்றும்.

3. ஒவ்வொன்றாகக் கண்ணாலும் விரலாலும்

கைப்பிடியாக அள்ளிப் பார்ப்பது பார்வை ஆகாது. ரவைகளை அடிப்பக்கம் மேலே தெரியும்படி தட்டில் அடுக்குங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழட்டும். மேலிருந்து விழுந்தால் மேடு பள்ளம் தெரியாது.

முதலில் பிரைமர். அது கோதின் அடியோடு மட்டமாக, அல்லது மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். விரல் நுனியால் தடவுங்கள். தட்டுப்பட்டால் அந்த ரவை ஒதுக்கத்துக்கு. மேலெழுந்து நிற்கும் பிரைமர் பெரும்பாலும் வெடிக்காமல் போகும்: குத்தூசியின் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். அரிதாக இதைவிடப் பாரதூரமானதும் நடக்கலாம். ஸ்லைட் வேகமாக மூடும்போதே, விசையைத் தொடாமல், ரவை வெடித்துவிடலாம். ரவை முழுவதும் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் ரவை அமரும் அறைக்குள்) இறங்குமுன் அப்படி வெடித்தால் கோதின் பின்பகுதியைத் தாங்க எதுவும் இருக்காது.

அடுத்தது கோதின் வாய். சன்னத்தைப் பிடித்திருக்கும் விளிம்பில் மெல்லிய நீள வெடிப்பு இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். பலமுறை பயன்படுத்திய கோதில் அது சாதாரணம். வெடித்த வாய் சன்னத்தை இறுக்கிப் பிடிக்காது. அடிப்பகுதிக்குச் சற்று மேலே வீக்கமோ புன்னகை போன்ற வளைந்த கோடோ தெரிந்தால், அந்தக் கோது முன்பு எங்கோ மிகை அமுக்கத்தையோ சரியாகத் தாங்காத சேம்பரையோ கண்டிருக்கிறது. அதற்கு மறுவாய்ப்புக் கொடுக்காதீர்கள்.

பிறகு அடியில் பொறித்த எழுத்து. 9 மில்லிமீட்டர் கோதுகளுக்கிடையே .380 என்ற வேறு வகை ரவையின் கோது கலப்பது அடிக்கடி நடப்பது. இரண்டின் விட்டமும் ஏறத்தாழ ஒன்று. நீளம் மட்டும் 19 மில்லிமீட்டருக்குப் பதில் 17. கண் ஏமாறும், பொறித்த எழுத்து ஏமாற்றாது. .45 ரவைகளில் பெரிய பிரைமர், சிறிய பிரைமர் என இரண்டு வகைக் கோதுகள் புழங்குகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே தொகுதியில் இரண்டும் கலந்திருந்தால் நிரப்பியவர் கோதுகளைத் தரம் பிரிக்கவில்லை என்று பொருள். பொறித்த எழுத்தையே பார்க்காதவர் மருந்தின் அளவைப் பார்த்திருப்பாரா என்பதே என் கேள்வி. அப்படிப்பட்ட தொகுதியை நான் முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இந்தப் படியால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: உள்ளே மருந்து சரியாக இருக்கிறதா என்பது. கைத்துப்பாக்கிக்கான விரைவு மருந்துகள் கோதின் பாதியைக்கூட நிரப்பாத அளவிலேயே பயன்படுகின்றன. ஆகவே தவறுதலாக இரட்டை அளவு விழுந்தாலும் வழியாது, சன்னமும் அதன்மேல் ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும். முடிந்த ரவையைத் தராசில் நிறுத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். கோதுக்குக் கோதும் சன்னத்துக்குச் சன்னமும் எடை மாறுவதால், அந்த வேறுபாட்டுக்குள் மருந்தின் பிழை மறைந்துவிடும். குலுக்கிக் கேட்பதும் பயனில்லை. சன்னம் வைக்கும் முன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் கண்ணால் பார்த்தாரா என்று நிரப்பியவரிடம் நேரே கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் ரவை வேண்டாம்.

4. குழலில் இட்டுப் பார்த்தல்

இதை வீட்டிலேயே முடியுங்கள். ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சூட்டுக் கூட்டமைப்பு) விதிகளின்படி நடக்கும் போட்டிகளில், துப்பாக்கியைக் கையாள ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதிக்குள் ரவையைத் தொடவே கூடாது. பொய் ரவைக்கும் அதே தடை. திடலில் போய்ப் பார்க்கலாம் என்று விட்டால் இடமே கிடைக்காது.

துப்பாக்கி வெறுமையாக இருப்பதை உறுதி செய்து பிரித்தெடுங்கள். குழலைத் தவிர மற்ற பாகங்களை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். குத்தூசி இல்லாத இடத்தில் மட்டுமே ரவையும் குழலும் சந்திக்க வேண்டும் என்பதால் இந்த வரிசை.

குழலை வாய்ப்பக்கம் கீழாகப் பிடித்து ரவையைச் சேம்பருக்குள் நழுவ விடுங்கள். விரலால் அழுத்தாதீர்கள். ‘டக்’ என்று தன் பாரத்தில் விழ வேண்டும். கோதின் அடி குழலின் பின்விளிம்போடு மட்டமாக நிற்க வேண்டும். பிறகு ரவையை விரலால் சுழற்றுங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். குழலைக் கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும்.

விழாமல் நின்றால் காரணம் மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும்: சன்னம் வெளியே அதிகம் நீண்டு குழலின் உட்புற வரிகளில் முட்டுகிறது, கோதின் வாய் போதிய அளவு ஒடுக்கப்படவில்லை, அடிப்பகுதி வீங்கியிருக்கிறது. எதுவென்று அறிய ரவையை மார்க்கர் பேனையால் கறுப்பாக்கி மீண்டும் இட்டுச் சுழற்றுங்கள். மை அழிந்த இடம் முட்டும் இடம்.

9 மில்லிமீட்டர் ரவை சேம்பருக்குள் தன் வாய் விளிம்பாலேயே நிற்கிறது. வாயை அளவுக்கு மீறி ஒடுக்கினால் அந்த நிறுத்தம் போய் ரவை ஆழமாக இறங்கிவிடும். ‘சுலபமாக விழுந்தது’ என்பதோடு நிற்காமல் மட்டத்தையும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

நீளத்தையும் இடுக்கிமானியால் அளந்துவிடுங்கள். 9 மில்லிமீட்டர் ரவையின் உச்ச நீளம் 29.69 மில்லிமீட்டர், .45 ரவைக்கு 32.39 மில்லிமீட்டர். அதற்குள் இருந்தால் மட்டும் போதாது. பெட்டிச் சீட்டில் எழுதிய நீளத்தோடும் பொருந்த வேண்டும்.

5. சன்னம் உள்ளே தள்ளப்படுகிறதா?

ரவைக்கூட்டில் இருந்து மேலெழும் ரவை, சேம்பருக்கு ஏறும் சரிவில் மூக்கால் மோதித்தான் உள்ளே போகிறது. வாய் இறுக்கம் போதாத ரவையில் அந்த மோதல் சன்னத்தைக் கோதுக்குள் தள்ளிவிடும். 9 மில்லிமீட்டர், .40 போன்ற சிறிய கோதுகளில் மருந்துக்கு இருக்கும் இடமே கொஞ்சம். அது சிறிது சுருங்கினாலும் அமுக்கம் அந்த விகிதத்தைத் தாண்டி ஏறும். 9 மில்லிமீட்டருக்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அமுக்கம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்); .45க்கு 21,000. சிறிய கோதும் உயர்ந்த அமுக்கமும் சேரும்போது பிழைக்கு இடமில்லை.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை: நீளத்தை அளந்து, சன்னத்தின் மூக்கை மர மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் உறுதியாக அழுத்தி, மீண்டும் அளவுங்கள். மாறக்கூடாது.

திடலில் செய்யக்கூடியது: திடல் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, குழல் இலக்கை நோக்கியிருக்க, ரவைக்கூட்டில் இருந்து ஒரு ரவையை ஸ்லைடின் முழு வேகத்தில் ஏற்றுங்கள். சுடாமல் வெளியே எடுத்து அளவுங்கள். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் அந்தத் தொகுதியை நான் ஏற்பதில்லை. சோதித்த ரவையைத் திரும்பவும் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு ஏற்றமும் சன்னத்தை மேலும் தள்ளும். ஒரே ரவையை ஏற்றுவதும் இறக்குவதுமாக வைத்திருப்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

6. கொழும்பின் உப்புக் காற்றும் பிராசோவும்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று கடலை ஒட்டி வாழ்பவர்கள் ரவையைக் காட்போட் பெட்டியில் அலுமாரியில் வைத்தால் பித்தளையில் களிம்பு ஏறும். காற்றுப் புகாத பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், பெட்டிக்கு நல்ல பூட்டு. இவ்வளவே வேண்டும். லேசான மங்கல் பிழையல்ல. பச்சைக் களிம்பும், நகத்துக்குத் தட்டுப்படும் குழியும் பிழை.

களிம்பைப் போக்கப் பூசை விளக்குத் துலக்குவது போல் பிராசோ போடுபவர்கள் உண்டு. இதைக் கண்டால் நான் உடனே தடுப்பேன். அமோனியா கலந்த மெருகுகள் பித்தளையின் உட்கட்டமைப்பைத் தாக்கி வெடிப்பு விழச் செய்யும், அதுவும் வாய் விளிம்பு போல ஏற்கனவே இழுவிசையில் இருக்கும் இடத்தில். வெளியே பளபளப்பு, உள்ளே பலவீனம். உலர்ந்த துணி போதும்.

எண்ணெய் பூசாதீர்கள். பிரைமரின் ஓரமாக எண்ணெய் ஊறினால் அது செத்துப்போகலாம். சேம்பருக்குள்ளும் எண்ணெய் வேண்டாம். சுடும் கணத்தில் கோது சேம்பர்ச் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும், வழுக்கினால் முழு அடியும் பின்பக்கம் இறங்கும்.

வெயிலில் நிறுத்திய காரில் ரவையை விடாதீர்கள். சூடேறிய மருந்து விரைவாக எரியும். நிரப்பியவர் குளிர் அறையில் கண்டதைவிட அதிக அமுக்கம் உங்களுக்கு வரும்.

7. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஐந்து

புதிய தொகுதியை எடுத்ததும் ரவைக்கூட்டை நிரப்பிவிடுவது நான் அதிகம் காணும் பிழை. முதல் முறை ரவைக்கூட்டில் ஒரே ஒரு ரவை போடுங்கள். காரணம் எளிது: அந்த ரவையின் சன்னம் குழலில் சிக்கினாலும் பின்னால் வர வேறு ரவை இல்லை. அப்போது கெடுவது ஒரு பயிற்சி நாள் மட்டும்.

இலக்கை 7 மீட்டரில், பெரிய வெள்ளைத் தாளாக வையுங்கள். இங்கே நோக்கம் துல்லியம் அல்ல, எண்ணிக்கை. ஒரு ரவைக்கு ஒரு துளை தெரிய வேண்டும். பழைய துளைகள் நிறைந்த தாளில் இதை நிச்சயிக்க முடியாது. புதிய தாள் மாட்டுங்கள்.

சுட்ட பின் ஸ்லைட் பின்னால் பூட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் துப்பாக்கியை இயக்கப் போதிய வலு ரவையில் இருக்கிறது. ஒவ்வொரு ரவையாகச் சில முறை இப்படிச் சுட்டு, எல்லாம் ஒழுங்கானால் இரண்டு ரவை போடுங்கள். இரண்டாவது ரவை தானாக ஏறுகிறதா என்று இப்போது தெரியும். பிறகு ஐந்து. அதன் பிறகே முழு ரவைக்கூடு.

போட்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐபிஎஸ்சியில் மைனர் (குறைந்த வலு) வகுப்புக்கு வலுக் காரணி 125 வேண்டும்: சன்னத்தின் எடையைக் கிரெய்ன் என்ற சிறு எடை அலகிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் பெருக்கி 1000ஆல் வகுப்பது. 124 கிரெய்ன் சன்னம் வினாடிக்கு 1010 அடி போனால் அந்த எல்லையை மட்டுமட்டாகத் தாண்டும். உதைப்புக் குறையட்டும் என்று பலர் அந்த எல்லையை ஒட்டியே ரவை கேட்கிறார்கள். போட்டி விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் வழமையான ரவை மென்மையாக இருக்க இருக்க, மருந்து குறைந்த ரவைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு கையில் தெரிவதும் குறையும். அடுத்த படியில் சொல்லப்போகும் எச்சரிக்கை உங்களை எட்டும் வழியையே அது ஒடுக்குகிறது. பழகும் காலத்தில் மென்மையான ரவையைத் தேடாதீர்கள்.

8. சத்தமோ உதைப்போ மாறினால் கை நிற்க வேண்டும்

மருந்தே விழாத ரவையில் பிரைமர் மட்டும் வெடிக்கும். அந்தச் சிறு வெடிப்புக்கே சன்னத்தைக் கோதிலிருந்து தள்ளிக் குழலுக்குள் சொருகும் வலு உண்டு, வெளியே அனுப்பும் வலு இல்லை. மருந்து குறைவாக விழுந்திருந்தால் சன்னம் இன்னும் முன்னே போய் நிற்கும். அந்த நிலையில் பின்னால் இன்னொரு சன்னம் வந்தால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும்.

அடையாளங்கள்: ‘டமார்’ என்பதற்குப் பதில் ‘பொத்’ என்ற சத்தம், உதைப்பு இல்லை அல்லது மிகக் குறைவு, கோது வெளியேறும் வழியில் வழமைக்கு மாறான புகை, எரியாத மருந்துத் துகள்கள், தாளில் துளை இல்லை. காது மூடி போட்டிருக்கும்போது, பக்கத்துக் கூண்டில் ஒருவர் சுட்டுக்கொண்டிருக்கும்போது, சத்தத்தை நம்ப முடியாது. கையில் உணரும் உதைப்பே நம்பத்தக்கது. எனவே ஒவ்வொரு சூட்டின் உதைப்பையும் கவனிக்கப் பழகுங்கள்.

பலர் நினைப்பது: ‘சிக்கினால் துப்பாக்கி தானாக நின்றுவிடும்.’ எப்போதும் நிற்காது. மருந்து பாதி இருந்த ரவை, சன்னத்தைக் குழலில் விட்டுவிட்டு ஸ்லைடை மட்டும் இயக்கி அடுத்த ரவையையும் ஏற்றிவிடக் கூடும். துப்பாக்கி தயாராக இருக்கிறது என்பது குழல் திறந்திருக்கிறது என்பதற்குச் சான்றல்ல.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

விரலை விசையிலிருந்து எடுங்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்திருங்கள். உரக்க ‘ஸ்டாப்’ என்று சொல்லுங்கள். கொழும்பைச் சுற்றியுள்ள திடல்களில் உங்களுக்கு அருகில் நிற்பவர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம். எல்லோருக்கும் விளங்கும் சொல் அது. திடல் அதிகாரி அதே சொல்லைச் சொன்னால், உங்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியாவிட்டாலும், நில்லுங்கள். அவர் பக்கத்தில் இருந்து கேட்டது உங்கள் காது மூடிக்குள் வந்திருக்காது.

30 வினாடி காத்திருங்கள். ‘கிளிக்’ மட்டும் கேட்டு எதுவும் வெடிக்காத ரவைக்கும் இது பொருந்தும். பிரைமரோ மருந்தோ தாமதித்துப் பற்றுவது உண்டு. பற்றும்போது ரவை மூடிய சேம்பருக்குள் இருக்க வேண்டும், உங்கள் உள்ளங்கைக்குக் கீழே அல்ல.

பிறகு முதலில் ரவைக்கூட்டைக் கழற்றுங்கள். அதன் பிறகே ஸ்லைடை இழுங்கள். இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் அடைத்த குழலுக்குப் பின்னால் புதிய ரவையை நீங்களே ஏற்றுகிறீர்கள். வெளியேறும் ரவையை உள்ளங்கையால் ஏந்தாதீர்கள், தரையில் விழட்டும்.

விழுந்ததை எடுத்துப் பாருங்கள். முழு ரவை விழுந்தால், பிரைமரில் உள்ள அடியின் ஆழத்தைப் பாருங்கள்: ஆழமான அடி என்றால் பிரைமர் செத்தது, மேலோட்டமான அடி என்றால் பிரைமர் மேலெழுந்திருந்தது அல்லது துப்பாக்கியில் கோளாறு. சன்னம் இல்லாத வெறும் கோது விழுந்தால் சன்னம் எங்கே என்ற கேள்விக்குத் தாளில் துளை இருக்க வேண்டும். துளை இல்லாவிட்டால் அது குழலுக்குள் இருப்பதாகவே கொள்ளுங்கள்.

ஸ்லைட் முழுவதும் மூடாமல் நின்றால் பின்னால் உள்ளங்கையால் அடித்து மூடும் பழக்கம் சிலரிடம் உண்டு. மீள்நிரப்பிய ரவையோடு இதைச் செய்யவே கூடாது. சேம்பருக்குச் சற்று முன்னால் சிக்கிய சன்னம்தான் அடுத்த ரவையை நுழைய விடாமல் தடுத்துக்கொண்டிருக்கலாம். அந்தத் தடை உங்களைக் காக்கிறது. அதை அடித்து முறியடிக்காதீர்கள்.

‘அண்ணா, சத்தம் கொஞ்சம் குறைவாக வந்தது, ஆனால் அடுத்தது ஒழுங்காகச் சுட்டது’ என்று பிறகு வந்து சொல்லும் தம்பிமார் உண்டு. அடுத்தது ஒழுங்காகச் சுட்டது தெரிவதற்குமுன் நிறுத்தியிருக்க வேண்டும். போட்டி நடுவில் நேரம் ஓடும்போது இது கடினம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் போட்டிக்கு முன் பயிற்சி நாட்களில், துப்பாக்கி வெறுமையாக இருக்க, ஒருவர் ‘பொத்’ என்று சொல்ல மற்றவர் நிறுத்துவதாகப் பழகச் சொல்கிறேன். தட்டி இழுக்கும் பழக்கத்தை எப்படிக் கைக்கு ஏற்றினீர்களோ அப்படியே இதையும் ஏற்ற வேண்டும்.

9. குழலைப் பார்த்தல்

ரவைக்கூடு வெளியே, சேம்பர் வெறுமை என்று உறுதியான பின் துப்பாக்கியைப் பிரித்துக் குழலைத் தனியே எடுங்கள். டோர்ச் வெளிச்சத்தைப் பின்பக்கமிருந்து விட்டு வாய்ப்பக்கம் பாருங்கள். பொருத்தியிருக்கும் குழலின் வாய்க்குள் ஒருபோதும் கண்ணை வைக்காதீர்கள்.

சன்னம் சிக்கியிருந்தால் சில துளி மெல்லிய எண்ணெய் விட்டு, பித்தளைக் கம்பியால் சிறு அடிகளாகத் தட்டி வெளியேற்றலாம். இரும்புக் கம்பி குழலின் வரிகளைக் கீறும். மெல்லிய மரக்குச்சி பிளந்து சன்னத்தைச் சுற்றி ஆப்பாக இறுகும். இன்னொரு ரவையைச் சுட்டுத் தள்ளிவிடலாம் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். கழகத்தில் ஆயுதத் திருத்துநர் இருந்தால் அவரிடமே கொடுப்பது நல்லது.

சன்னம் வெளியே வந்தபின் குழலுக்குள் மீண்டும் பாருங்கள். கறுத்த வளையம் ஒன்று தெரிந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது. வெளிப்புறம் விரலால் தடவினாலும் சில வேளை தெரியும். குழல் ஸ்லைடுக்குள் முன்போல நழுவாது. அந்தக் குழலின் ஆயுள் முடிந்தது.

10. சுட்ட கோதுகளைப் பொறுக்கிப் பாருங்கள்

பிரைமர் தட்டையானால் மட்டுமே அமுக்கம் அதிகம் என்ற நம்பிக்கை ரைபிள்காரர்களிடமிருந்து வந்தது. கைத்துப்பாக்கியில், குறிப்பாக .45 போன்ற தாழ்ந்த அமுக்க ரவையில், பிரைமர் அடையாளம் காட்டும் நேரத்தில் எல்லை எப்போதோ கடந்திருக்கும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. அதே துப்பாக்கியில் ஆலை ரவை சிலவற்றை முதலில் சுட்டு, கோதுகள் எங்கே விழுகின்றன, பிரைமர்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். மீள்நிரப்பிய ரவையின் கோது அதைவிட வெகு தூரம் பறந்தால், உதைப்புக் கூர்மையாக இருந்தால், அடிப்பக்கம் புதிய வீக்கம் தெரிந்தால், பிரைமரில் குத்தூசிக் குழியைச் சுற்றி உலோகம் மேலெழுந்திருந்தால், நிறுத்துங்கள். ஒரு ரவையில் மட்டும் கண்டாலும் அதே தொகுதி முழுவதும் நின்றுவிட வேண்டும்.

கோது பொறுக்கிய கையோடு தேநீர்க் கடைக்குப் போகாதீர்கள். பிரைமரிலும் சன்னத்திலும் உள்ள ஈயம் விரலில் இருக்கும். சவர்க்காரம் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். திடலில் போட்ட சட்டையைக் குழந்தைகளின் உடையோடு துவைக்காதீர்கள்.

11. ஒதுக்கிய ரவைகளை என்ன செய்வது

ஒதுக்கியதை நல்லதோடு ஒரே பையில் போடாதீர்கள். சிவப்பு மூடியுள்ள தனிப் போத்தல் ஒன்றை வைத்து, காரணத்தையும் தொகுதி எண்ணையும் எழுதி ஒட்டுங்கள்: ‘பிரைமர் மேலே’, ‘வாய் வெடிப்பு’, ‘சேம்பரில் இறங்கவில்லை’.

மாநகர சபைக் குப்பை வண்டியிலோ கால்வாயிலோ போடக் கூடாது. யாரோ ஒரு துப்புரவுத் தொழிலாளியின் கையில் அது வெடிக்கலாம். குப்பையில் கிடைத்த உயிருள்ள ரவைக்குப் பொலிஸ் விசாரணையும் வரும். தீயில் போடுவதைச் சொல்லவே வேண்டியதில்லை. நிரப்பியவரிடமோ கழகத்தின் ஆயுதப் பொறுப்பாளரிடமோ எண்ணி ஒப்படைத்து, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள். நிரப்பியவரிடம் ஒப்படைக்கும்போது போத்தலில் எழுதிய காரணங்களை அவருக்கு வாசித்தும் காட்டுங்கள்; தன் கருவியில் எந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று அவர் அறிய அதைவிட வேறு வழியில்லை.